டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் பொறுப்பு?

பலவீனமான இதயத்துக்கு மருந்து இருக்கிறது, விலையும் இறங்கிவிட்டது. வீடு திரும்பிய நோயாளியைக் கூப்பிட்டு விசாரிக்கத்தான் ஆளில்லை.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் நாளன்று இதய நோயாளியின் குடும்பத்திடம் ஒரு காகிதக் கற்றை தரப்படுகிறது. எல்லாம் ஆங்கிலம். ஏழெட்டு மாத்திரைகளின் பெயர்கள். பக்கத்தில் 1-0-1, 0-0-1 என்று எண்கள். கடைசியில் உப்பைக் குறைக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து வர வேண்டும் என்று இரண்டு வரிகள். பில்லைக் கட்டிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடும் மகனிடம் வார்டு நர்ஸ் இதைச் சில நிமிடங்களில் விளக்கி முடிப்பார். முடித்தே ஆக வேண்டும். காலியான கட்டிலுக்கு அடுத்த நோயாளி வந்தாயிற்று. பாட்னாவானாலும் சரி, புனேயானாலும் சரி, காட்சி ஏறக்குறைய இதுதான்.

அந்தக் காகிதத்துக்குப் பிறகு என்ன ஆகிறது என்று இந்தியாவில் முறையாக எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. திருவனந்தபுரத்தில் எண்ணினார்கள். 2013ஆம் ஆண்டில் அந்த மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயத் தளர்ச்சியோடு சேர்க்கப்பட்ட 1,205 பேரை, ஸ்ரீ சித்ரா திருநாள் இன்ஸ்டிடியூட்டின் டாக்டர் ஹரிகிருஷ்ணன் தலைமையிலான குழு பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தது. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 8.5 சதவிகிதம். ஓராண்டு முடிவதற்குள் அது 30.8 சதவிகிதம் ஆனது. ஐந்தாண்டு முடிவில் 59 சதவிகிதம். சில புற்றுநோய்களுக்குக்கூட இதைவிட நல்ல கணக்கு உண்டு. இத்தனைக்கும் இது படிப்பிலும் சுகாதாரத்திலும் நாட்டுக்கே முன்னுதாரணம் என்று காட்டப்படும் மாநிலத்தின் தலைநகரம்.

அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருந்தது. இதயத் தசையின் சுருங்கும் சக்தி குறைந்தவர்களில், வழிகாட்டு நெறிகள் சொல்லும் மருந்துகள் அத்தனையும் எழுதப்பட்டு வீடு திரும்பியவர்கள் நான்கில் ஒருவர்தான்.

பிற்பாடு நாடு முழுவதற்குமான பதிவேடு வந்தது. 53 மருத்துவமனைகள், 10,851 நோயாளிகள். 2019-20இல் சேர்க்கப்பட்டவர்கள். இதில் சரியான மருந்துகள் கிடைத்தவர்கள் 47.5 சதவிகிதம். முன்னேற்றம்தான் என்றாலும், பாதிப் பேருக்குக்கூட இல்லை. 90 நாளில் இறந்தவர்கள் 14.2 சதவிகிதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். நோயாளிகளின் சராசரி வயது 60. மேலை நாடுகளில் இது எழுபதைத் தாண்டியவர்களின் நோய். இங்கே பெண்ணுக்குக் கல்யாணம் முடிக்காதவரின் நோய், வீட்டுக் கடனில் பாக்கி வைத்திருப்பவரின் நோய். பள்ளிக்கூடம் போகாதவர்கள் அதிகமாக இறந்தார்கள் என்பதையும் அந்தப் பதிவேடு குறித்து வைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாததற்கும் இதயத்துக்கும் நேரடியாக எந்த நரம்பும் ஓடவில்லை. நடுவில் அந்த ஆங்கிலக் காகிதம் இருக்கிறது.

பெயரிலேயே குழப்பம் ஆரம்பம். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பதை 'இதயச் செயலிழப்பு' என்று தமிழாக்கியவர்கள் அகராதிக்கு விசுவாசமாக இருந்தார்கள், நோயாளிக்கு இல்லை. செயல் இழந்துவிட்டது என்றால் மேற்கொண்டு செய்ய என்ன இருக்கிறது? உண்மையில் இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பு கேட்கும் அளவுக்கு ரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது. நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒரு தலையணை போதாமல் இரண்டு, பிறகு மூன்று. ஒழுங்காகக் கவனித்தால் இப்படித் தளர்ந்த இதயத்தோடு பல ஆண்டுகள் வாழ முடியும். மாரடைப்பு வேறு: அது ரத்தக்குழாய் அடைபட்டு, இதயத் தசையில் ஒரு பகுதி சாவது. ஆனால் இரண்டும் உறவுக்காரர்கள். மாரடைப்பில் பிழைத்தவரின் வடுப்பட்ட தசைதான் பின்னாளில் தளர்கிறது. இரண்டு பதிவேடுகளிலும் பத்தில் ஏழு பேருக்கு நோயின் வேர் இதய ரத்தக்குழாய்களில்தான் இருந்தது. மீதிப் பேரில் தசையே நோயுற்றவர்கள் உண்டு. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

டாக்டர்கள் 'செயலிழப்பு', 'தளர்ச்சி' என்றெல்லாம் சொல்வதில்லை. "பம்பிங் 30 பர்சென்ட்தான் இருக்கு" என்பார்கள். கேட்கிற குடும்பம் அதை நூற்றுக்கு எடுத்த மார்க்காக எடுத்துக்கொள்கிறது. 70 போய்விட்டது என்று அழ ஆரம்பிக்கிறது. நல்ல இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 சதவிகிதத்தைத்தான் வெளியே தள்ளுகிறது. நூறு யாருக்கும் கிடையாது. இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் யாருடைய வேலை என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பவை அனைத்தும் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். நீர் பிரியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது என்பதால் பயண நாளில் அதை விட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் கழிப்பறை இல்லாத பெண்கள் பல நாள் விட்டுவிடுகிறார்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை ஆரம்பத்தில் கொஞ்சம் அசதி தரும். பத்து நாளில் அதுவும் நிறுத்தப்படுகிறது. இன்னொரு மாத்திரை வறட்டு இருமல் தரும். மாத்திரைதான் காரணம் என்று தெரியாமல் இருமல் மருந்து வாங்கிக் குடிக்கிறார்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே டைக்ளோஃபெனாக் கிடைக்கிறது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால் அது சதை அல்ல, தேங்கிய நீர், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது இந்த நோயின் அரிச்சுவடி. எடை பார்க்கும் மெஷின் வீட்டில் இல்லை. கால் வீங்கினால் வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு ஒரு ராத்திரி மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் வருகிறது.

இதில் எதற்கும் இதய நிபுணர் தேவையில்லை. அதனாலேயே இது எந்த நிபுணரின் வேலையாகவும் ஆகவில்லை.

டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி. வேணுகோபால் 1994 ஆகஸ்டில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்று இதய அறுவைச் சிகிச்சையைச் செய்தபோது நாடே கொண்டாடியது. கொண்டாடியது நியாயமே. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வு முடிவை இங்கே யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் மைக்கேல் ரிச்சும் சகாக்களும் செய்தது அது. அதில் கத்தியும் இல்லை, புது மருந்தும் இல்லை. எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன, இதயத் தளர்ச்சியால் சேர்க்கப்பட்ட 282 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதியிடம் ஒரு குழு போனது. அனுபவமுள்ள நர்ஸ் நோயைப் பற்றி விளக்கினார். உணவியல் நிபுணர் சாப்பாட்டைப் பேசினார். வீட்டுச் சூழ்நிலையைச் சமூகப் பணியாளர் விசாரித்தார். தேவையற்ற மாத்திரைகளை மருத்துவர் கழித்துக் கட்டினார். வீட்டுக்குப் போன பிறகும் நேரில் போய்ப் பார்த்தார்கள், ஃபோன் செய்தார்கள்.

90 நாள் கழித்துக் கணக்கெடுத்தபோது, வழக்கமான கவனிப்புக் குழுவில் இதயத் தளர்ச்சிக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தது 54 தடவை. மற்றதில் 24. செலவையும் கூட்டிப் பார்த்தார்கள். நர்ஸின் சம்பளத்தையும் சேர்த்தே ஒரு நோயாளிக்கு 460 டாலர் மிச்சம்.

பலதுறையினர் சேர்ந்த சிகிச்சைக் குழு என்ற யோசனை அதற்குப் பிறகு பல நாடுகளில் சோதிக்கப்பட்டது. 2004இல் கனடாவின் டாக்டர் ஃபின்லே மெக்காலிஸ்டர் அதுவரை வந்த 29 சோதனைகளை, சுமார் 5,000 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்தார். இத்தகைய குழு நேரடியாகத் தொடர்ந்து கவனித்த இடங்களில் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெறும் ஃபோனில் மட்டும் விசாரித்த இடங்களில் மறுசேர்க்கை குறைந்ததே தவிர, மரணம் குறையவில்லை. ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் மருத்துவமனை நிர்வாகங்கள் இந்த இரண்டாவது வரியை இரண்டு முறை படிக்கலாம்.

எல்லா இடத்திலும் ஜெயித்தது என்றும் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2008இல் வெளியான பெரிய சோதனையில், நர்ஸின் கூடுதல் கவனிப்பு மரணத்தையோ மறுசேர்க்கையையோ சொல்லும்படியாகக் குறைக்கவில்லை. அங்கே ஒப்பீட்டுக்கு வைத்திருந்தவர்களே இதய நிபுணரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வயிறு நிறைந்தவருக்கு இன்னொரு பந்தி போட்ட மாதிரி. பாதிப் பேருக்கு மருந்தே சரியாக எழுதப்படாத ஊரில் கணக்கு வேறாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை.

குழு இல்லாமல் மருந்து மட்டும் போனால் என்ன ஆகும்? இதற்கும் கனடாவில் விடை இருக்கிறது, சங்கடமான விடை. ஸ்பைரனோலாக்டோன் என்ற பழைய, மலிவான மாத்திரை, கடுமையான இதயத் தளர்ச்சியில் மரணத்தை 30 சதவிகிதம் குறைக்கிறது என்று 1999இல் ஒரு பெரிய சோதனை நிரூபித்தது. டாக்டர்கள் அள்ளி எழுதினார்கள். இந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு: ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். அளவு மீறினால் இதயமே நின்றுபோகலாம். சோதனையில் இருந்தவர்களுக்குக் குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை நடந்தது. வெளியே இருந்தவர்களுக்கு அப்படி நடத்த ஆளில்லை. ஒன்டாரியோ மாகாணத்து முதியவர்களின் பதிவுகளை டாக்டர் டேவிட் ஜூர்லிங்க் குழு அலசி 2004இல் வெளியிட்டது. 1994க்கும் 2001க்கும் இடையே இந்த மருந்து எழுதப்படுவது ஆயிரத்துக்கு 34 என்பதிலிருந்து 149 ஆக உயர்ந்தது. பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது ஆயிரத்துக்கு 2.4இலிருந்து 11 ஆனது. அதனால் மருத்துவமனையில் நேர்ந்த சாவு 0.3இலிருந்து 2 ஆனது. உயிர்காக்கும் மாத்திரை, எடுத்துக்கொடுக்க ஆள் இருந்து, எண்ணிப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இப்படித் திரும்பிக் கடித்தது.

இந்தியச் சமையலறையில் இதற்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று நல்லெண்ணத்தோடு குடும்பம் கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறது. சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ரத்த அழுத்தக்காரர்கள் பலருக்கு நல்லது. ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கு, சிறுநீரகமும் மந்தமாக இருந்தால், ஆபத்து. டாக்டருக்கு இது தெரியும்; அவர் கேட்பதில்லை. குடும்பத்துக்குத் தெரியாது, அதனால் சொல்வதில்லை. வீட்டில் என்ன உப்பு என்று கேட்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டும்.

உணவு ஆலோசனை என்றாலே உப்பைத் திட்டுவது என்றும் ஆகிவிட்டது. உப்பை மிகக் கடுமையாகக் குறைக்க வைத்த பன்னாட்டுச் சோதனை ஒன்று 2022இல் வெளியானபோது, மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் அதனால் குறையவில்லை என்று தெரிந்தது. அதற்காக ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே பசியில்லாமல் இளைத்துக்கொண்டிருக்கும் கிழவரின் தட்டிலிருந்து எல்லா ருசியையும் பறித்து, அவரைச் சாப்பிடவிடாமலே செய்வதும் சிகிச்சையல்ல. எவ்வளவு என்பதை ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை எழுதியவருக்குக் குழு என்ற விஷயம் தெரிந்திருக்கிறது. நோயாளி, தீர்ப்பவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக, பக்கத்தில் இருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக அவர் வைக்கிறார். சரகரின் சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்கிறது. தற்கால இந்திய மருத்துவமனை முதல் மூன்றுக்கு பில் போடுகிறது. நான்காவதை மருமகளிடம் விட்டுவிட்டது.

மருமகள் பார்த்துக்கொள்வார் என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் சமாதானம். மேல்நாட்டில் தனியாகக் கிடக்கும் கிழவர்களுக்கு நர்ஸ் தேவை. நமக்குக் குடும்பம் இருக்கிறதே! குடும்பம் இருக்கிறது, உண்மைதான். மாத்திரை டப்பாவை அடுக்குவதும், வேளை தவறாமல் நினைவூட்டுவதும், ராத்திரி இருமல் கேட்டு எழுந்திருப்பதும் பெரும்பாலும் அந்த வீட்டின் ஒரு பெண்தான். அவருக்கு யாராவது எதையாவது சொல்லிக் கொடுத்தார்களா? டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் பேசியது மகனிடம். மகன் மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணே நோயாளியானால் நிலைமை இன்னும் மோசம். மாத்திரை டப்பாவை யார் எடுத்து வைப்பது?

இந்தக் குழுவின் நடுநாயகம் நர்ஸ். சுவீடனில் பெரும்பாலான மருத்துவமனைகளில் இதயத் தளர்ச்சிக்கென்று நர்ஸ்களே நடத்தும் கிளினிக்குகள் தொண்ணூறுகளிலேயே பரவிவிட்டன. வகுத்துக் கொடுத்த வரம்புக்குள் அங்கே நர்ஸே மருந்தின் அளவைக் கூட்டுகிறார், குறைக்கிறார். இந்திய நர்ஸுக்கு அந்த அதிகாரம் கிடையாது. கையிலிருக்கும் அறிவைப் பயன்படுத்தவும் நேரம் கிடையாது. இங்கே படித்து லண்டனுக்கும் வளைகுடாவுக்கும் போகும் அதே நர்ஸ் அங்கே எடுக்கும் முடிவுகளை இங்கே எடுக்கக் கூடாது என்பதில் தர்க்கம் என்ன என்று யாரும் விளக்கியதில்லை. ரவுண்ட்ஸில் சீனியர் டாக்டர் பேசும்போது நர்ஸ் குறுக்கிட்டு, "இந்த அம்மாவுக்கு இந்த மாத்திரை வாங்க முடியலை, சார்" என்று சொல்ல முடிகிற வார்டு எத்தனை இருக்கும்? பலதுறைக் குழு என்பதற்குப் பல துறைகள் தேவை என்பதை ஒப்புக்கொள்ளும் டாக்டர்கள்கூட, அந்தத் துறைகளுக்கு வாயும் தேவை என்பதில் தயங்குகிறார்கள்.

மருந்தாளுநர் விஷயம் இன்னும் வேடிக்கை. மாதம் தவறாமல் நோயாளி போய் நிற்கும் ஒரே இடம் மெடிக்கல் ஷாப். மாத்திரை வாங்க இந்த மாதம் வரவில்லை என்று முதலில் தெரிவதும் அந்தக் கவுன்ட்டருக்குத்தான். அவரை யாரும் குழுவில் சேர்த்ததில்லை. இயன்முறை மருத்துவர் நிலையும் அதேதான். இதயம் பலவீனம் என்றால் கட்டிலில் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. அளவான நடையும் உடற்பயிற்சியும் தெம்பைக் கூட்டும் என்று நிரூபணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இருந்தால் பயம் போகும்.

கேரளத்தில்தான் இதற்கும் ஒரு தொடக்கம். ஸ்ரீ சித்ரா இன்ஸ்டிடியூட்டின் ஆய்வாளர்கள், பயிற்சி பெற்ற நர்ஸை மையமாக வைத்து, செல்ஃபோன் உதவியோடு, டாக்டரும் பிறரும் சேர்ந்து கவனிக்கும் முறையை அம்மாநில மருத்துவமனைகளில் சோதிக்கத் திட்டம் வகுத்தார்கள். அங்கே இதற்கு நிலம் பண்பட்டிருந்தது. தீராத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வலி நிவாரணச் சேவை கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் தொண்டர்களால் வளர்ந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. இதயத் தளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் ஐ.சி.யூ.வுக்கும் வீட்டுக்கும் இடையே அலைக்கழிக்கப்படுகிறவர்களுக்கு இந்தச் சேவை எத்தனை பெரிய ஆறுதல் என்பதைத் தனியாகவே எழுத வேண்டும். நாட்டின் பெரும்பகுதியில் அது புற்றுநோயாளிக்கு மட்டுமானது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

ஆக, பணம் எங்கே? மருந்து விலை ஒரு காலத்தில் நிஜமான தடை. இன்று அந்தச் சாக்கு பலவீனமாகிவிட்டது. இதயத் தளர்ச்சிக்கும் உதவும் என்று 2019இல் நிரூபணமான சர்க்கரை நோய் மருந்து டாபாக்ளிஃப்ளோசினை 2020 முதல் இந்தியக் கம்பெனிகள் பலவும் தயாரிக்கின்றன. அதன் உறவான எம்பாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. ஏராளமான கம்பெனிகள் ஒரே வாரத்தில் களத்தில் குதித்ததில் ஒரு மாத்திரை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்குக்கூடக் கிடைத்தது. பீட்டா பிளாக்கரும் ஸ்பைரனோலாக்டோனும் எப்போதுமே மலிவு. சந்தை தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் நான்கு வகை மருந்துகளையும் தொடங்கி, ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக அளவைக் கூட்டுவது சந்தை செய்கிற வேலை இல்லை.

அதையும் சோதித்துவிட்டார்கள். 14 நாடுகளில் 1,078 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஒரு சோதனையில், டிஸ்சார்ஜுக்குப் பின் 1, 2, 3, 6ஆவது வாரங்களில் நோயாளியை வரவழைத்துப் பரிசோதித்து, இரண்டே வாரத்தில் மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுபோனார்கள். 180 நாளில் இறந்தவர்களும் இதயத் தளர்ச்சிக்காக மறுபடி சேர்ந்தவர்களும் இந்தக் குழுவில் 15.2 சதவிகிதம், வழக்கமான கவனிப்பில் 23.3 சதவிகிதம். பலன் அத்தனை தெளிவாக இருந்ததால், திட்டமிட்டதற்கு முன்பே சோதனையை நிறுத்தினார்கள். மறுபாதிக்கு இதைத் தராமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று ஆகிவிட்டது. "ஒரு மாதம் கழித்து வரவும்" என்ற அந்த வரியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்திய அரசு இந்த நோய்க்குப் பணம் செலவழிக்காமல் இல்லை. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை தருகிறது. 2024இல் 70 வயதான அனைவருக்கும், வருமான வரம்பில்லாமல், அது விரிவாக்கப்பட்டது. ஆனால் பணம் கட்டிலில் படுத்தால்தான். மூச்சு முட்டி ஐ.சி.யூ.வில் சேர்ந்தால் திட்டம் கொடுக்கும். மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ளும் வெளிநோயாளி கிளினிக்குக்கும், வீட்டுக்குப் போகும் நர்ஸுக்கும் கொடுக்காது. தனியார் காப்பீடும் பெரும்பாலும் இதே வழிதான். மருத்துவமனையின் பக்கமிருந்து பார்த்தால், திரும்பி வரும் நோயாளி வருமானம். திரும்பி வராதவர் நஷ்டம். எந்த டாக்டரும் இப்படி நினைத்து வேலை செய்வதில்லை. கணக்குப் புத்தகம் மட்டும் அப்படி நினைக்கிறது. செயின்ட் லூயிஸில் ஒரு நோயாளிக்கு மிச்சமான 460 டாலர் யார் பையில் விழும் என்று தெரிந்தால்தான் யாராவது அந்த நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க முன்வருவார்கள். இங்கே மிச்சம் அரசுக்கு, செலவு மருத்துவமனைக்கு.

அரசின் அதே திட்டத்தில் ஒரு ஜன்னல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன பின் 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவுகள் சிகிச்சைக் கட்டணத்திலேயே அடக்கம். முதல் வாரத்துப் பரிசோதனையும் இரண்டாவது வாரத்துப் பரிசோதனையும் அதற்குள் வந்துவிடும். மூன்றாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் யார் கொடுப்பார்கள் என்பது பாக்கி.